லப்டொப்பில் கிடந்த என் பழைய நம்பர்

என் மனைவி மேல் எனக்கு எப்போதும் ஒரு எரிச்சல் உண்டு. எரிச்சல் என்பது பூசி மெழுகுகிற கதை, பொறாமை. எந்த வீட்டுக்குப் போனாலும் ஐந்து நிமிடத்தில் அந்த வீட்டுக் குசினிக்குள், அடுப்படியில் நின்று கதைத்துக்கொண்டிருப்பாள். நான் விறாந்தைக் கதிரையில் தேத்தண்ணீருக்குக் காத்திருப்பேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் வாழ வந்திருப்பதும் அவளுடைய வீட்டில்தான். என் அம்மாவின் கதிரவெளி வீடு தங்கச்சிக்குப் போய்விட்டது, அம்மாவும் அவளோடுதான். அது முறை. அதில் எனக்கு மனக்குறை இல்லை.

ஒரு சனிக்கிழமை மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். அவளுடைய தங்கையின் புருஷன், என் சகலன், வந்து வைஃபை பாஸ்வேர்ட் கேட்டார். ரவுட்டரின் அடியில் அது எழுதி ஒட்டியிருந்தது. துப்புரவு செய்கிறேன் பேர்வழி என்று ஈரத்துணியால் துடைத்து அழித்த புண்ணியவான் நான்தான். "லப்டொப்புல சேவ் ஆகிக் கிடக்கும், பாருங்க," என்றார் சகலன். மனைவியின் லப்டொப்பைத் திறந்து, அவர் சொன்ன இடத்தைத் தட்டி, எங்கள் பாஸ்வேர்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் போய்விட்டார். நான் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேவ் ஆகிக் கிடந்த வைஃபைப் பட்டியலில் எங்கள் வீடு இருந்தது, அவளுடைய அலுவலகம் இருந்தது. மூன்றாவதாக ஒன்று, வெறும் எழுத்தும் இலக்கமுமாக. யாருடையது? அவளுக்கு வாகரைப் பக்கம் வெளிக்கள வேலை. ஆனால் ரோட்டில் நின்றுகொண்டு யாரும் லப்டொப் திறப்பதில்லை. ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறாள். பாஸ்வேர்ட் சொல்லுமளவுக்கு வேண்டப்பட்ட வீடு. வெள்ளிக்கிழமைகளில் அவள் பிந்தி வருவதும், வந்து "பசிக்கல்ல" என்பதும் உடனே ஞாபகம் வந்தன. எவனாயிருக்கும் என்று அவளுடைய அலுவலக ஆட்களை ஒவ்வொருவராக நினைத்து, ஒவ்வொருவனையும் மனதுக்குள் கிழித்துப் போட்டேன். பிறகு தட்டினேன்.

பாஸ்வேர்டாகப் பத்து இலக்கம் வந்தது. என் பழைய போன் நம்பர்.

அந்த சிம்மை மூன்று வருடத்துக்கு முன் நானே உடைத்து எறிந்திருந்தேன். தங்கச்சியின் மகள் பெரியவளானபோது நடந்தது. சடங்கில் தலைக்கு முதல் தண்ணீர் வார்ப்பது தாய்மாமன், அதாவது நான். போகிற வழியில், பனிச்சங்கேணியில் மோட்டார் சைக்கிள் சில்லுக் காற்றுப்போய், ஒட்டுப்போட்டு, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தால் பிள்ளை நனைந்து நிற்கிறாள். பெரியம்மாவின் மகன் வார்த்துவிட்டான். அவனும் மாமன் முறைதானே, நேரம் போகுது, நீ வார் மகன் என்று சொன்னது அம்மாவாம். சபை நடுவில் நான் கத்திய கத்தலை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. இனி இந்த வாசல் மிதிக்கமாட்டேன் என்று வந்தவன், அவர்கள் எடுத்துவிடக்கூடாது என்று நம்பரையும் மாற்றினேன்.

மனைவி வந்ததும் லப்டொப்பைத் திருப்பிக் காட்டினேன். "இது யார்ட வீடு?"

அவள் மீன் பையை இறக்கி வைத்தாள். "ஒங்கட அம்மாட வீடு."

"எத்தின நாளா?"

"ரெண்டு வருசமாகுது. வெள்ளிக்கிழமைல வேல முடிய அங்க போய் ரிப்போட் அடிச்சிற்று, மாமியோட சாப்பிட்டுட்டு வாறன்."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா என்னையும் போக வேணாமெண்டிருப்பீங்க. இல்லையா?"

ஓம். மறித்திருப்பேன்.

"வைஃபைக்கு மறக்காத நம்பர் ஒண்டு சொல்லுங்கம்மா எண்டு ஒங்கட தங்கச்சி கேட்டவ," என்றாள். "அப்ப மாமிக்குப் பாடமா இரிந்தது அது ஒண்டுதான்."

அந்த இடத்தில் என் நெஞ்சு இளகியிருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு. "அங்க போய் என்ன செய்ற நீ?" என்று கேட்டேன்.

"என்ன செய்ற? கதைக்கிற. போன கிழம மாமி எண்ட தலைக்கு எண்ணெய் வச்சி, பேன் பாத்து விட்டவ."

என் அம்மா! இவளுக்குப் பேன் பார்த்திருக்கிறார்! எவனோ ஒருவன் என்று நினைத்தபோதுகூட எனக்கு இப்படிப் பற்றி எரியவில்லை. அன்று நான் சோறு தின்னவில்லை. ஏன் என்று அவள் கேட்கவுமில்லை.

மறுநாள் காலை அவளிடம் சொல்லாமல் கதிரவெளிக்குப் புறப்பட்டேன். அம்மா முற்றத்தில் கூட்டிக்கொண்டு நின்றார். மெலிந்திருந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கினேன். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்தவர், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எங்க மனே புள்ள? அவ வரல்லயா?"

மூன்று வருடம் கழித்து வந்து நிற்கிற மகனிடம், மருமகளைத் தேடிக் கேட்கிற கேள்வி!

"இல்ல. நான் மட்டுந்தான்."

"சரி, இரி," என்றார். தங்கச்சி கதிரை கொண்டுவந்து வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் தேத்தண்ணீர் போடப் போனாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

"நம்பர மாத்தித்தன்மா," என்றேன். "புதுசச் சொல்றன்."

"எனக்கு என்னத்துக்கு? மகள்ர நம்பர் இரிக்கே." மூச்சு விடாமல் என் மனைவியின் பத்து இலக்கத்தையும் சொன்னார். "ஒனக்கு என்னமும் சொல்றெண்டா அவக்கிட்டச் சொல்லி விடுறன்."

கதிரையை அம்மாவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன். என் புது நம்பரைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஐந்தாவது இலக்கத்தில் பிழைத்தது. மறுபடி சொன்னேன். ஏழாவதில் பிழைத்தது.

"ஒனக்கு விசர் புடிச்சிருக்கா மனே?" என்றார் அம்மா.

"ஓம். முதல்ல இருந்து சொல்லுங்க."