அழ விடாத வீடு

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் ஒரு குருமடத்தில் தங்கிச் சாமியாருக்குப் படித்துக்கொண்டிருந்தேன். லத்தீனில் நான் புலி. அந்த வாரம் 'லமெந்தாத்சியோ' என்ற சொல் பாடத்தில் வந்தது. புலம்பல், ஒப்பாரி என்று பொருள். பெண்பால் பெயர்ச்சொல். அதன் வினைச்சொல் இன்னும் வினோதம்: வடிவம் செயப்பாட்டுவினை, பொருள் செய்வினை. அழுகிறவர் அழுகிறாரா, அழுகை அவரை ஆட்டுகிறதா என்று அந்த மொழிக்கே சந்தேகம் போலிருக்கிறது என்றார் வாத்தியார். வேற்றுமை ஒன்றுகூடத் தப்பாமல் ஒப்பித்து நல்ல பெயர் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை அப்பா இறந்த செய்தி வந்தது. மில்லில் வேலைக்கு நடுவே நெஞ்சுவலி.

விக்கிரமசிங்கபுரத்துக்கு பஸ் பிடித்து வீட்டுக்குப் போனால், அம்மா தலையை விரித்துப் போட்டு மாரடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் கோயில் பங்கில் அதற்குத் தடை. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் செபமாலைதான் சொல்ல வேண்டும். பங்குச்சாமியார் வரும் நேரம் வேறு. வெள்ளை அங்கியோடு நின்ற எனக்கு மானம் போனது.

"எம்மா, போதும். நாம வேதக்காரங்க, இப்படி மாரடிக்கலாமா?"

"கொஞ்சம் அழுதுக்கிடுதேன்யா."

"கூடாது."

"சரி சாமி" என்று கூந்தலை முடிந்துகொண்டாள். பெற்ற மகனை அன்றுதான் முதல்முறையாகச் சாமி என்றாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. இப்போது சொல்லவே நாக்கூசுகிறது. அடக்கம் முடியும்வரை அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு ஊருக்குப் போனேன். வீட்டில் அம்மா இல்லை. அடுத்த தெருவில் ஒரு இந்துக் குடும்பத்தில் சாவு, அங்கே போயிருக்கிறாள் என்றார்கள். பூசைக்கு நேரமாகிறதே என்று கூப்பிடப் போனேன்.

பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். எழவு வீட்டில் அவரவர் தம் வீட்டுச் சாவையும் சேர்த்து அழுவது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அம்மாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"சங்கு ஊதப் போனியளே, சைக்கிள் மட்டும் வந்துதே..."

அந்த வீட்டில் இறந்தவர் படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவர். மில் சங்கு ஊதும்போது சைக்கிளில் வேலைக்குப் போனது என் அப்பா.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. நன்றாக அழட்டும், பூசை கிடக்கட்டும் என்று திரும்பிப் போகப் பார்த்தேன். அதற்குள் அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, பயந்து எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"தெரியாம அழுதுட்டேன் சாமி" என்றாள்.