படத்தில் அழுத தம்பி

போன வருடம் சிறுபோக அறுவடை முடிந்த கையோடு இது நடந்தது. தர்மபுரத்திலிருந்து உள்ளே போகும் எங்கள் ஊரின் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு படம் போட்டார்கள். தியேட்டரில் ஓடுகிற படம் இல்லை. எங்கள் பகுதியில் மருத்துவிச்சியாக வேலை செய்து, சில வருடங்களுக்கு முன் நோயில் காலமான ஓர் அம்மாவின் வாழ்க்கையைப் பக்கத்து ஊர்ப் பெடியன் ஒருவர் படமாக எடுத்திருந்தார். அந்த அம்மா எங்கள் எல்லோருக்கும் ‘மிஸ்ஸி’. மழையென்றும் வெயிலென்றும் பாராமல் சைக்கிளில் திரிந்தவர். என்னைப் போன்றவர்களை இந்த உலகத்தில் முதலில் தொட்ட கை அவருடையதுதான்.

அந்தப் படத்தில் என் அம்மாவின் கதையும் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவின் கதை என்றால், என் தம்பியின் கதை.

யுத்தகால இடம்பெயர்வின் கடைசி மாதங்களில் அம்மா நிறைமாதமாக இருந்தார். எனக்கு அப்போது பதினொரு வயது. ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள் மிஸ்ஸிதான் பிரசவம் பார்த்தார். என்னை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். பிள்ளை பிறந்தால் அழும் என்கிற அளவுக்கு எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அது வரவேயில்லை. பிறகு அப்பா, சேலையில் சுற்றிய ஒன்றை ஏந்திக்கொண்டு மண்வெட்டியோடு பனைகளின் பக்கம் போனார். திரும்பி வரும்போது அவரிடம் மண்வெட்டி மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவனைப் பற்றி ஒருவரும் கதைத்ததில்லை. அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. பிறப்புப் பதிவும் இல்லை, இறப்புப் பதிவும் இல்லை. குழந்தைப்பிள்ளைகளுக்கு எட்டு, அந்தியேட்டி என்று செத்தவீட்டுச் சடங்கு எதுவும் செய்யும் வழக்கமும் எங்களிடம் இல்லை. அங்கிருந்தும் உடனே வெளிக்கிட வேண்டி வந்துவிட்டது. ஊர் திரும்பிய பிறகு அந்த இடத்தைத் தேடிப் போனோமா என்று கேட்டால், இல்லை. எப்படித் தேடுவது?

அதனால் படக்குழு வீட்டுக்கு வந்தபோது அம்மா வாய் திறக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் கதைத்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனால் நிறுத்திவிடுவார். நான் குசினிக்குத் திரும்பிய பிறகுதான் குரல் மறுபடி கேட்கும். என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவர்கள் போன பிறகு, “அவனும் இருந்தவன் எண்டு நாலு பேருக்குத் தெரியட்டும் பிள்ளை” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எப்போது படம் போடுவார்கள் என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். சொந்த விசயம் எதையும் ஆசைப்பட்டுக் கேட்காத மனுசி அவர்.

எனக்குத்தான் பயம். அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது. பார்த்துவிட்டு ஏதும் ஆகிவிட்டால்? ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும், பிள்ளை பயந்துவிட்டால்? வவுனியாவில் வேலையில் இருக்கும் கணவருக்கு அன்று காலையிலேயே பல தடவை போன் எடுத்தேன். “அம்மா ஆசைப்படுறா. கூட்டிக்கொண்டு போமன். நீர் வீட்டில வைச்சிருந்தாலும் யோசிச்சுக்கொண்டுதான் இருக்கப்போறீர்” என்றார். அப்பா வரவில்லை. மிளகாய்க்குத் தண்ணீர் விடவேண்டும் என்றார். மிளகாய்க்கு முதல் நாள்தான் தண்ணீர் விட்டிருந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அம்மா கோயில் தேருக்கு உடுக்கும் சேலையை உடுத்துக்கொண்டு வந்தார். மண்டபத்தின் யன்னல்களைக் கறுத்தப் பொலித்தீனால் மறைத்திருந்தார்கள். உள்ளே வேக்காடு. படம் தொடங்குவதற்கு முன் அந்தப் பெடியன் மேடையில் ஏறி, கதை சொன்ன அம்மாமாரை எழுந்து நிற்கச் சொன்னார். இடம்பெயர்வு நேரத்துப் பிரசவத்தைச் சொன்னவர் இவர்தான் என்று என் அம்மாவைத் தனியாகக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் பாதி நன்றாகத்தான் போனது. மிஸ்ஸியாக நடித்த பெண், கிளினிக்குக்கு மனைவியைக் கூட்டிவராத புருசன்மாரை வீடு வீடாகப் போய் ஏசும் காட்சியில் மண்டபமே சிரித்தது. “ஐயோ, அப்பிடியே அவான்ர வாய்!” என்று பின்னால் ஒருவர் சொல்ல, இன்னொரு பெண், “என்ர மனுசன் இப்பவும் சைக்கிள் மணி கேட்டால் பின்பக்கத்தால ஓடுற ஆள்” என்றார். அந்த மனுசன் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார் போல. “ஓம், இப்ப அந்த மணி உன்ர வாயில கிடக்கு” என்று அவர் பதில் சொல்ல அம்மாவும் சிரித்தார்.

பிறகு ஷெல் சத்தம் வந்தது. ஸ்பீக்கரைக் கூட்டி வைத்திருந்தார்கள். மகள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கும் அங்கே இருக்க முடியவில்லை. அது பிள்ளைக்காக மட்டும்தான் என்று சொன்னால் பொய். “நீ பிள்ளையைக் கொண்டு போ. நான் இருக்கிறன்” என்றார் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் எழும்பி வெளியே போய்விட்டேன்.

மோட்டார்சைக்கிள்கள் விட்டிருந்த வேப்பமர நிழலில் மகள் ஒன்றின் கண்ணாடியில் முகம் பார்த்து விளையாடத் தொடங்கினாள். உள்ளேயிருந்து ஒரு குழந்தை வீரிட்டு அழும் சத்தம் கேட்டது. யாரோ கைக்குழந்தையோடு வந்திருக்கிறார்கள், பாவம், வெளியில் கொண்டுவரலாமே என்று நினைத்தேன். உடனே பெரிய கைதட்டல். பிறகும் ஷெல் சத்தங்கள் குறையவில்லை என்பதால் படம் முடியும்வரை நான் உள்ளே போகவில்லை.

சனம் வெளியே வரத் தொடங்கியபோது, முகம் தெரிந்த ஆனால் பழக்கமில்லாத ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “பிள்ளை, அது உங்கட தம்பியே? அந்தக் கொட்டிலுக்க பிறந்து என்ன மாதிரி அழுதவர்! இப்ப வளந்திருப்பார் என்ன? எங்க, வெளியிலயோ?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. ‘வெளியில’ என்றால் வெளிநாடு. அவர் என் தம்பி கனடாவிலோ சுவிஸிலோ இருப்பதாக நினைத்துச் சந்தோசப்படுகிறார். நான் ஏதோ தலையாட்டினேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். மகள் என் கையைப் பிடித்து இழுத்து, “அம்மா, எனக்கு ஒரு மாமா இருக்கிறாரோ?” என்றாள். பிறகு சொல்கிறேன் என்று அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அம்மா அதே கதிரையில் இருந்தார். அழவில்லை. ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பெடியன் தேத்தண்ணியும் ரோல்ஸும் ஒரு தட்டில் வைத்துத் தானே கொண்டுவந்து கொடுத்தார். மரியாதையான பெடியன். நிலத்தில் குந்தியிருந்து, “அம்மா, எப்பிடி இருந்தது?” என்று கேட்டார்.

“வடிவாத்தான் எடுத்திருக்கிறீங்கள் தம்பி. மிஸ்ஸியக் கண்ட மாதிரியே இருந்தது” என்றார் அம்மா. தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “ஆனா என்ர பிள்ளை அழேல்லை” என்றார்.

பெடியன் தலையைக் குனிந்துகொண்டார். “தெரியும் அம்மா. நீங்கள் சொன்னதை அப்பிடியேதான் முதல் எழுதினனான். எழுதிப்போட்டு எனக்கே நித்திரையில்லை. மிஸ்ஸி எத்தினை பிள்ளையளக் காப்பாத்தினவா, படத்தில ஒரு பிரசவம்தான் காட்டேலும். அதில பிள்ளை செத்தால் சனம் பாக்காது அம்மா. எழும்பிப் போயிடும்.”

அவர் சொன்னது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எழும்பிப் போனவர்களில் முதல் ஆள் நான்தானே.

அம்மா கோபப்படவில்லை. அவருக்குக் கோபப்படத் தெரியாது. “அண்டைக்கு நானும் எழும்பிப் போகலாமெண்டால் போயிருப்பன் தம்பி” என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், மிஸ்ஸி அன்று என்ன செய்தார் என்று சொன்னார். குடிக்கத் தண்ணீர் இல்லாத நேரம். மிஸ்ஸி தன் போத்தலில் வைத்திருந்த தண்ணீரால் செத்த பிள்ளையைக் குளிப்பாட்டினாராம். தன் பையிலிருந்த சேலையால் சுற்றினாராம். அப்பாவிடம் கொடுப்பதற்கு முன் அம்மாவின் கையில் வைத்து, “வடிவாப் பாரும். பிறகு முகம் ஞாபகம் வரேல்லை எண்டு அழுவீர்” என்றாராம். நெற்றி அப்பாவைப் போல, வாய் அம்மாவைப் போல என்று ஒவ்வொன்றாகக் காட்டினாராம்.

“உயிரோட பிறந்த பிள்ளைக்கு ஆரும் செய்வினம். அவா என்ர பிள்ளைக்குச் செய்தவா. அதைத்தானே தம்பி நான் உங்களுக்குச் சொன்னனான்” என்றார் அம்மா.

சேலையில் சுற்றிக் கொண்டுபோனதை நான் கண்டிருக்கிறேன். அது யாருடைய சேலை என்பதை அன்றுதான் கேட்டேன். இத்தனை வருடமும் ஒரே வீட்டில் இருந்து, ஒரே சட்டியில் சாப்பிட்டு, என் அம்மா அந்த முகத்தைத் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை முதன்முதலாக ஒருவரிடம் நம்பிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெடியன் அம்மாவின் கால்மாட்டிலேயே இருந்தார். அம்மாதான், “தேத்தண்ணி ஆறுது, நீங்களும் குடியுங்கோ” என்றார்.

ஓட்டோவில் திரும்பும்போது மகள் விடவில்லை. “அம்மம்மா, மாமா பிளேனில வருவாரோ?” என்றாள். நான் அவள் வாயைப் பொத்தப் போனேன். அம்மா என் கையை விலக்கிவிட்டு, “இல்லை குஞ்சு. மாமா பிறக்கேக்கயே செத்துப்போனவர். படத்தில சும்மா காட்டினவங்கள்” என்றார். ஓட்டோக்காரர் பாட்டை நிறுத்தினார்.

வீட்டில் அப்பா வாய்க்கால் ஓரத்தில் நின்றார். கேட்கமாட்டார் என்று நினைத்தேன். நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, “இஞ்சாரும், பெடியனைப் பற்றி வந்ததோ?” என்று கேட்டார். தம்பியை அவர் பெடியன் என்று சொன்னதை அன்றுதான் கேட்கிறேன்.

“வந்தது” என்றார் அம்மா. “படத்தில அவன் சாகேல்லை. அழுதவன். சனம் கை தட்டினது.”

அப்பா மண்வெட்டியை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றார். அந்தச் செய்தியை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல அங்குமிங்கும் பார்த்தார்.

“அப்ப நான் பனையடியில தாட்டது ஆரை?” என்றார்.

அம்மா போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார். தொடவில்லை. இரண்டு பேரும் அப்படியே மிளகாய்ப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்த இடத்தில் எனக்கு இடமில்லை என்று தோன்றியது.

சில நாட்களுக்குப் பிறகு அந்தப் பெடியன் போன் எடுத்தார். அந்தக் காட்சியை மாற்ற இப்போது வழியில்லை என்றும், படத்தின் முடிவில் உண்மையில் அந்தக் குழந்தை பிழைக்கவில்லை என்று இரண்டு வரி போடலாமா என்றும் கேட்டார். அம்மா போடச் சொன்னார். போட்டார்களா என்று நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருக்கிறது. இப்போதும் கிளினிக்கில், சந்தையில், கோயிலில் யாராவது, “மகன் சுகமோ?” என்று அம்மாவைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அம்மா நின்று, அவன் செத்துப்போனவன் என்று சொல்கிறார். குரலைக் குறைப்பதும் இல்லை. நான்தான் பக்கத்தில் கூனிப்போய் நிற்கிறேன். நான் அன்று வெளியே போகாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும் என்று நினைப்பேன். மகளையும் கொண்டு அதற்குள் எப்படி இருந்திருப்பேன் என்றும் நினைப்பேன்.

வாழ்க்கைப் படங்களில் உண்மை எவ்வளவு இருக்கவேண்டும் என்று ஃபேஸ்புக்கில் ஆட்கள் சண்டைபிடிப்பதை நானும் பார்த்திருக்கிறேன். அரசர் என்ன உடுத்தார், வீரர் எந்த ஆட்டத்தில் வென்றார் என்று. முன்பெல்லாம், படம்தானே என்று தள்ளிக்கொண்டு போய்விடுவேன். அவர்களைப் பற்றி ஒரு படம் பிழையாகச் சொன்னால் திருத்திச் சொல்லப் புத்தகங்கள் இருக்கின்றன, ஆட்கள் இருக்கிறார்கள். என் தம்பி இருந்தான் என்பதற்கு அம்மாவின் கண்களும் அப்பாவின் கைகளும்தான் சாட்சி, அவர்களுக்கும் வயது போகிறது. அந்தப் பெடியன் இரக்கத்தினால்தான் அவனை அழ வைத்தார் என்று நான் நம்புகிறேன். ஆனாலும் அழாமல் பிறந்து, ஒரு போத்தல் தண்ணீரில் குளித்து, அம்மாவின் கையில் கொஞ்ச நேரம் கிடந்த என் தம்பி, அந்தக் கைதட்டலுக்குள் இன்னொரு தடவை எங்களை விட்டுப் போனான் என்ற நினைப்பை என்னால் இன்றுவரை மாற்ற முடியவில்லை.