கொக்கி மலை இறங்கின கதை

கொக்கி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஆஸ்பத்திரி வராந்தாவில். என் பெரியம்மாவுக்குப் பித்தப்பையில் கல் எடுத்து நாலாம் நாள். சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். என்னைக் கிட்டே கூப்பிட்டு, "உன் தம்பி ஒரு பொண்ணைப் பார்த்து வச்சிருக்கான்டி. பேரு கொக்கியாம்" என்றார்.

"பேரா அது? சாமான் மாதிரியில்ல இருக்கு?" என்றேன்.

சிரிக்கப் போய்த் தையல் இழுத்துவிட்டது. "சிரிக்க வைக்காதடி பாவி" என்று என் கையில் ஒரு அடி வைத்தார்.

தம்பி என்றால் என் கூடப் பிறந்தவன் இல்லை. பெரியம்மாவுக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தது இரண்டும் பெண், நடுவில் இரட்டைப் பையன்கள், ஏழு வருஷம் விட்டு இவன். பூட்டு ரிப்பேர் பார்ப்பான், சாவி வெட்டுவான். பூட்டுக்குள் கம்பியை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே திறந்துவிடுவான். ரெடிமேட் துணிக் கம்பெனியில் பீரோ பூட்டு சிக்கிக்கொண்டது என்று போனவன், அங்கே பாவாடைகளுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்துவிட்டான். ஒரு நாளைக்கு அறுநூறு கொக்கி தைப்பாள். அந்தப் பட்டப்பெயர் கம்பெனியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

கல்யாணமாகி வந்த பிறகுதான் அந்தப் பெயர் இன்னொரு விதத்திலும் பொருத்தம் என்று எங்களுக்குத் தெரிந்தது. அவளுக்குப் பயம் ஜாஸ்தி. பயம் வந்தால் கையில் எது அகப்படுகிறதோ அதைப் பிடித்துக்கொள்வாள், விடவே மாட்டாள். பஸ் குலுங்கினால் பக்கத்தில் நிற்கிற ஆளின் சட்டை. பிரசவத்தில் நர்ஸின் மணிக்கட்டு. அந்த நர்ஸ் ஒரு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தாள், "உங்க வீட்டுப் பொண்ணு பிள்ளை பெத்தா, எனக்குக் கை போச்சு" என்று எங்களிடம் சண்டைக்கே வந்தாள்.

இப்பேர்ப்பட்டவளைத்தான் அவன் பைக்கில் ஏற்றி மலைக்குக் கூட்டிப்போனான், அதுவும் குளிர்காலத்தில். இருவரும் எனக்குத் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில், வளைந்து வளைந்து போகிற மலைப்பாதைப் படம் போட்ட காலண்டர் ஒன்று அவன் கடையில் மாட்டியிருந்தது. "ஒரு நாள் உன்னை இங்கே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லியிருக்கிறான். சொல்லி இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. கொக்கியின் கம்பெனியில் மிஷின்களைக் கழற்றிச் சுத்தம் செய்ய வருஷத்தில் ஒரே வாரம்தான் பூட்டுவார்கள். அது குளிர்காலத்தில்தான் வரும். மாப்பிள்ளை பைக்கைக் கொடுத்தார். நாலு நாள் பயணம். போக இரண்டு, உச்சியைத் தாண்டி இறங்க ஒன்று, வேறு வழியாகத் திரும்ப ஒன்று.

ஒரு விஷயத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சாவி வெட்டும் மிஷின் அதிர்ந்தால் எலும்பு வரைக்கும் அதிரும். இருபத்தெட்டு வருஷமாக அதைப் பிடித்த கை. நாலைந்து வருஷமாகக் குளிர் பட்டால் அவன் விரல்கள் நுனியிலிருந்து வெளுத்துக்கொண்டே வரும், மெழுகு மாதிரி. அப்புறம் அந்த விரல்கள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. கடையில் மேஜைக்கடியில் வெந்நீர்ப் பை வைத்திருந்தான். கேட்டால் முட்டிவலிக்கு என்பான். டாக்டரிடம் போனால் தொழிலை விடச் சொல்வார், அதற்குப் பயந்து போகவேயில்லை. அவனுக்கும் பயம் உண்டு. அவன் எதையும் பிடித்துக்கொள்ள மாட்டான், வாயை மூடிக்கொள்வான். அவ்வளவுதான் வித்தியாசம்.

பைக்கின் முன் பிரேக் வலது கையில். கிளட்ச் இடது கையில். இரண்டுக்கும் விரல் வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் லாட்ஜ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்து நீட்டினானாம். "இந்த ஹெல்மெட் வாரைக் கொஞ்சம் அவுத்து விடு."

கொக்கிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "ஏங்க, வாசல்ல எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். அவுத்து விடு."

அறைக்குள் போனதும் ஜாக்கெட் ஜிப். காலையில் சட்டைப் பட்டன், ஷூ கயிறு. இருபத்தாறு வருஷத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிக் குடிக்காத மனுஷன். கொக்கி மகளுக்குப் போன் போட்டாள். "உங்கப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சுடி. எல்லாம் என் கையாலதான் செய்யணுமாம்."

"மலைக்காத்து பட்டிருக்கும்மா. அனுபவி" என்றாள் மகள். இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் பாதை ஏறத் தொடங்கியது. ஒரு பக்கம் ஈரப் பாறை, இன்னொரு பக்கம் சுண்ணாம்பு அடித்த குட்டைக் கற்கள், அந்தக் கற்களுக்கு அப்பால் மரங்களின் தலை. அழகாகத்தான் இருந்ததாம். பள்ளத்தில் வெயில் விழுந்து ஏரி ஒன்று தகடு மாதிரி மின்னியது. கொக்கி பாதி நேரம் அவன் முதுகில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மீதி நேரம் அவன் ஜாக்கெட்டைப் பிடித்த பிடியில் தோள்பட்டைத் தையல் விட்டுப்போயிற்று.

மத்தியானம் வளைவைத் திரும்பினால் எதிரே ஒரு லாரி, நட்ட நடுவில் நின்றுகொண்டிருக்கிறது. இவன் வலது கையை அழுத்தினான். அழுத்தினதாக நினைத்தான். விரல் மடங்கவில்லை. காலால் பின் பிரேக்கை மிதித்தான், பின் சக்கரம் கீச்சென்று இழுத்துக்கொண்டு போனது. லாரிக்கும் குட்டைக் கல்லுக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற இடைவெளிதான் இருந்தது. அதில் புகுந்து வெளியே வந்துவிட்டார்கள். லாரி டிரைவர் கத்தினது வளைவைத் தாண்டியும் கேட்டது.

"என்னங்க இது?" என்று கேட்டாள் கொக்கி.

"ஓவர்டேக் பண்ணேன்."

"நின்னுக்கிட்டிருக்கற லாரியையா?"

ராத்திரி அவன் தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். லாரியை நினைத்துத் தூங்கவில்லை என்று எண்ணிக்கொண்டாள். திரும்பிப் போய்விடலாமா என்று அவன் நினைத்தானாம். திரும்பினாலும் இறக்கம்தானே?

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு உச்சி. அங்கே தகரக் கூரை போட்ட ஒரே ஒரு டீக்கடை. கடைக்காரர் காதை மூடி மப்ளர் சுற்றிக்கொண்டு, சட்டியிலிருந்து கொதிக்கக் கொதிக்கக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். எல்லோரும் விளிம்பை இரண்டு விரலால் தொட்டு, கைமாற்றி கைமாற்றிப் பிடித்தார்கள். இவன் டம்ளரை உள்ளங்கையோடு சுற்றிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

"அண்ணே, சுடும். கீழ வைங்க" என்றார் கடைக்காரர்.

"பரவாயில்ல."

"பரவாயில்லையா? தோல் உரியும்ணே!"

கொக்கி வாங்கி வைக்கக் கையை நீட்டினாள். தொட்ட வேகத்தில் 'ஸ்ஸ்' என்று இழுத்துக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் விரலைப் பார்த்தாள். வெள்ளை. நகத்தடியில் நீலம்.

ஹெல்மெட் வார், பட்டன், ஷூ கயிறு, லாரி எல்லாம் அவளுக்கு ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளாதான்."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"நாலு வருஷம்" என்றான். அவள் அழவில்லையாம். "நான் என்னமோன்னு நினைச்சு மகளுக்குப் போன் வேற பண்ணேன் அண்ணி, அந்த வெட்கம்தான் முதல்ல வந்துச்சு" என்று என்னிடம் சொன்னாள்.

அடுப்புப் பக்கத்தில் அரை மணி நேரம் கையைக் காட்டி வைத்ததும் நிறம் திரும்பியது. மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும், அதற்குள் கீழே போய்விடுங்கள் என்றார் கடைக்காரர். பதினோரு வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. கிளம்பினார்கள். பதினொன்று தாண்டியது. பத்து தாண்டியது. அதற்கப்புறம் வெயிலே படாத பக்கம். தார் மேல் கண்ணாடி மாதிரி உறைபனி. விரல் மறுபடி செத்துவிட்டது. சக்கரம் ஒருமுறை வழுக்கி, வண்டி தானாக மலையோரம் சாய்ந்து நின்றது.

கொக்கி இறங்கினாள். "இனிமே நான் ஏற மாட்டேன். நீங்களும் ஏறக் கூடாது. வண்டியை விட்டுட்டு நடக்கலாம்."

"மாப்பிள்ளை வண்டி."

"மாப்பிள்ளைக்கு வண்டி முக்கியமா, மாமனார் முக்கியமா?"

"கேட்டா உடனே பதில் சொல்ல மாட்டாரு. வளைவுல விட்டுட்டுப் போனா அடுத்து வர்ற வண்டி இதுல மோதி பள்ளத்துல போகும். தள்ளிட்டே இறங்கலாம்."

தள்ளுவதற்கும் பிரேக் வேண்டுமே? அதற்கு அவன் ஒரு வழி சொன்னான். இன்ஜினை அணைத்துவிட்டு கியரில் போட்டு வைத்தால் வண்டி நகராது. கிளட்ச்சை அழுத்தினால் உருளும், கையை எடுத்தால் நின்றுவிடும். "நீ இடது பக்கம் கிளட்ச்சைப் பிடி. நான் வலது பக்கம் முழங்கையால வண்டியைத் தாங்கறேன். பயந்தா கையை எடுத்துடு, நின்னுடும்." வலது பக்கம்தான் பள்ளம்.

பயந்தால் கையை எடுக்கவேண்டும். அதை யாரிடம் சொல்கிறான் பாருங்கள்.

இருபது அடி ஒழுங்காகப் போனார்கள். அப்புறம் வளைவு செங்குத்தாக விழுந்தது. வண்டி வேகம் பிடித்தது. கொக்கியின் கை இறுகியது. இறுக இறுக வண்டி ஓடியது. அவன் வலது பக்கத்தில் இழுபட்டுக்கொண்டே, வண்டிக்கும் விளிம்புக்கும் நடுவில், பின்பக்கமாக நடக்கிறான்.

"விடு! விடுடி!"

"மாட்டேன்!"

"விடுன்னா விடு!"

"செத்தாலும் விட மாட்டேன்!"

என்னை விட்டுவிட்டு நீயாவது தப்பித்துக்கொள் என்று சொல்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். எந்தப் பெண்டாட்டிதான் வேறு மாதிரி நினைப்பாள்? அவன் கத்தக் கத்த அவள் இன்னும் இறுக்கினாள். இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வண்டி விளிம்புக்குப் போனது.

உறைபனியில் அவள் செருப்பு வழுக்கி முகம் குப்புற விழுந்தாள். விழுந்த வேகத்தில் கை பிடுங்கிக்கொண்டது. வண்டி ஒரே குலுக்கில் நின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தால் முன்சக்கரம் வெள்ளைக் கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அவன் முழங்காலின் பின்பக்கம் அடுத்த கல்லில் முட்டி நிற்கிறது. அவன் முதுகுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை, வெறும் மூடுபனி. வண்டியின் பாரம் முழுக்க அவன் நெஞ்சில்.

"எழுந்திரு" என்றான் மெதுவாக. "கிளட்ச்சைத் தொடாம, கைப்பிடியை மட்டும் பிடிச்சு உன் பக்கம் இழு."

தவழ்ந்து போய்ப் பிடித்து இழுத்தாள். வண்டி நிமிர்ந்தது. அவன் ரோட்டுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டான். "உன்னை ஓடிப்போன்னா சொன்னேன்? கிளட்ச்சை விடுன்னு சொன்னேன்டி."

"அப்போ அந்த வார்த்தையைச் சேர்த்துச் சொல்றதுக்கென்ன? மொட்டையா விடு விடுன்னா நான் என்னன்னு நினைக்கறது?"

"அதுக்கு நேரம் இருந்துச்சா?"

"நாலு வருஷம் நேரம் இருந்துச்சே!" என்று கத்தினாள். அப்போதுதான் அழுதாள். அவன் கைகளை இழுத்துத் தன் ஸ்வெட்டருக்குள் அக்குளில் வைத்து அமுக்கிக்கொண்டு, ரொம்ப நேரம் அழுதாள். செத்த மீனை வைத்த மாதிரி ஜில்லென்று இருந்ததாம்.

அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்பெனியில் ஒவ்வொரு உருப்படி முடியும்போதும் மேஸ்திரி "வெட்டு" என்பார், நூலை அறுத்துவிட்டுக் கையைத் தூக்கிவிட வேண்டும். முப்பது வருஷப் பழக்கம், தூக்கத்தில் சொன்னால்கூட அவள் கை தூக்கிக்கொள்ளும். "இனிமே விடுன்னு சொல்லாதீங்க. வெட்டுன்னு சொல்லுங்க" என்றாள்.

மூன்றடி, வெட்டு. நாலடி, வெட்டு. மீதி ஒன்பது வளைவும் அப்படித்தான் இறங்கினார்கள். ஒவ்வொரு பலகையிலும் நின்று அவன் கையை அக்குளில் வைத்தாள். மூடுபனியில் பலகை தெரியாமல் கையால் தடவி எண்ணைப் பார்த்தாள். ஒவ்வொரு அடியிலும் பயம் இருந்தது. கடைசி வளைவு வரைக்கும் ஒரு நூல்கூடக் குறையவில்லை என்றாள். அடிவாரத்துச் செக்போஸ்டில் விளக்குப் போடும் நேரம். அங்கிருந்த காவலாளி, "பெட்ரோல் தீர்ந்துடுச்சா?" என்று கேட்டார்.

வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். மாப்பிள்ளை போனில் முதலில் கேட்டது, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே மாமா?" மகள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

டாக்டர் அவன் பயந்ததைத்தான் சொன்னார். மிஷின் கூடாது, குளிர் கூடாது. வலது கையில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி திரும்பவேயில்லை. பூட்டுக்குள் கம்பியை விட்டால் உள்ளே என்ன அசைகிறது என்று அவனுக்குத் தெரிவதில்லை. கடையைக் கொடுத்துவிட்டான். கொக்கி தினமும் காலையில், அவன் கண் திறக்கும் முன்னே, போர்வைக்குள் கையை விட்டு அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாளாம். "சூடா இருக்கான்னு பார்க்கறேன் அண்ணி. என்னைக்காவது ஒரு நாள் எல்லாமே ஜில்லுனு இருந்துடுமோன்னு இருக்கு" என்றாள்.

போன வருஷம் அவர்கள் மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோனார்கள். கடலோரம், குளிர்காலத்திலும் வியர்க்கும். கொக்கி இப்போது அங்கே, மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டாம் மாடியில், ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள வாடகை வீட்டில் அவனோடு இருக்கிறாள்.