மறுசுழற்சி நீருக்கு நான் சொன்ன தமிழ்

டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்து மண்டபத்தில், மறுசுழற்சி நீர்த் திட்டத்துக்கு விளக்கக் கூட்டம் வைத்தார்கள். அதிகாரி பேசியது ஏட்டு மலாய். எங்கள் ஆட்களுக்கு வருவது கடைத்தெருவில் பேசும் பசார் மலாய். தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். ஆபீஸில் மலாயில் கடிதம் எழுதிப் பழகியவன் என்ற தைரியத்தில் கை தூக்கிவிட்டேன்.

அவர் கால் மணி நேரம் பேசினார். "சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணித் திரும்பத் தருவாங்க" என்று நான் ஒரே வரியில் முடித்தேன். யாருக்கு, எதற்கு என்ற பகுதி எனக்கே பிடிபடவில்லை. அதை விட்டுவிட்டேன்.

மண்டபம் கொதித்தது. கீழ்த்தளத்து அக்கா எழுந்தார்.

"கக்கூஸ் தண்ணியை நாங்க குடிக்கணுமா? முதல்ல உங்க வீட்டுல குடிங்க லா! ரோட்டைத் தோண்டிப் போட்டு எத்தனை மாசம் ஆச்சு! எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். சபையில் எப்படிச் சொல்வது? "குடியிருப்பாளர்கள் இத்திட்டத்தில் மிகுந்த அக்கறை காட்டுகிறார்கள்" என்று என் மிக உயர்ந்த மலாயில் சொன்னேன். அவர் அக்காவைப் பார்த்துச் சிரித்துத் தலை வணங்கினார். அக்கா திகைத்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் அறிக்கை வந்தது: வட்டார மக்கள் திட்டத்தை உற்சாகமாக வரவேற்றனர். கூடவே அக்கா கை தட்டும் படம். உண்மையில் அவர் கொசு அடித்துக்கொண்டிருந்தார்.

அன்றே என் கதவைத் தட்டினார். "தம்பி, நான் பேசுனதை நீ என்னன்னு சொன்னே?"

சொன்னேன்.

"அடப்பாவி! நான் திட்டுனா திட்டுனதாத்தானே சொல்லணும்?"

வெட்கமாகிவிட்டது. அவரை அழைத்துக்கொண்டு அதிகாரியின் அலுவலகத்துக்கே போனேன். இம்முறை ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. "முதல்ல உங்க வீட்டுல குடிங்க" என்பதையும் அப்படியே சொன்னேன். அதிகாரியின் முகம் சிவந்தது. பிறகு ஒரு தாளில் இரண்டு கோடு போட்டார். ஒன்று வீட்டுக் குழாய். இன்னொன்று சுத்தம் செய்த நீர், தொழிற்சாலைகளுக்கு மட்டும். இரண்டும் எங்கேயும் சேராது.

"அன்றைக்குக் கால் மணி நேரம் இதைத்தானே சொன்னேன்?" என்றார்.

அதை அக்காவிடம் தமிழில் சொல்ல வேண்டியவனும் நான்தான். சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எந்த மொழியிலும் பெயர்க்க முடியாது.

"சரி லா, தண்ணி புரிஞ்சுச்சு. ரோடு?"

"அது வேறு இலாகா" என்றார் அதிகாரி.

அந்த இலாகா எந்த மாடி என்று அக்கா தன் பசார் மலாயில் நேராக அவரையே கேட்டார். ஐந்தாவது மாடி. லிஃப்ட் பழுது. அக்காவும் நானும் ஏறத் தொடங்கினோம்.