அக்கா கல்யாணத்து அம்மி

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் நாங்கள் குடியிருந்தபோது அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மணவறையில் பெண் மிதிக்கப் புது அம்மி ஒன்று வேண்டும். அம்மாவின் தம்பியான என் மாமா கல்லுடைக்கும் வேலையில் இருந்தார். கடையில் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பத்துமலைப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் கல்லை மாட்டுவண்டியில் ஏற்றிவந்து தானே செதுக்கினார். தேங்காய்ப் பருப்பு நிறத்தில் ஓர் அம்மியை அதுவரை யாரும் பார்த்ததில்லை. லயமே வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனது.

மாப்பிள்ளையின் அம்மா கிள்ளானிலிருந்து வந்த அன்று, அம்மா பெருமையாக அதில் மஞ்சள் அரைத்தாள். கறை பிடித்துக்கொண்டது. எலுமிச்சை மூடியால் தேய்த்தாள். கல் பொசபொசவென்று நுரைத்தது.

"கல்லு நுரை தள்ளுது. இதுமேலயா ஒங்க பொண்ணு கால் வைக்கப்போவுது? எனக்குச் சரியாப் படல, சம்மந்தி" என்று அந்த அம்மாள் குடையை எடுத்துக்கொண்டார்.

கல்யாணம் இத்தோடு நின்றது என்று அம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். மாமா பதறவில்லை. பல்லாங்குழிச் சோழி ஒன்றும், தண்டவாளத்தில் கொட்டியிருக்கும் சல்லி ஒன்றும் கொண்டுவரச் சொன்னார். ஓடிப்போய் எடுத்துவந்தேன். சோழியை உரசி, இரண்டின் மேலும் எலுமிச்சையைப் பிழிந்தார். சோழி நுரைத்தது. சல்லி நனைந்து கிடந்தது, அவ்வளவுதான்.

"சாமி குத்தம் இல்லீங்க. இந்த வெள்ளக் கல்லு கடல்ல பொறந்தது. சிப்பியும் சோழியும் அடுக்கடுக்காப் படிஞ்சு இறுகுனது. புளிப்பு பட்டா பொங்கும். இந்தச் சல்லி கருங்கல்லு, நெருப்புல பொறந்தது. பூமிக்கு அடியில கொழம்பாக் கெடந்து, மெதுவா ஆறுனது. புளிப்புக்கெல்லாம் அசையாது. எங்க துரை சொல்லிருக்காரு."

"அப்ப நெருப்புக் கல்லுலயே செஞ்சு குடு தம்பி. சோழி மேல ஏறி நின்னு குடும்பம் நடத்த முடியுமா?" என்று அந்த அம்மாள் குடையைக் கீழே வைத்தார்.

நாள் அதிகமில்லை. வெள்ளைக் கல் உளிக்கு வழிவிட்டது. கருங்கல் உளியை மழுக்கியது. பொறி பறந்தது. உடைந்த இடத்தில் கறுப்பும் வெள்ளையும் கண்ணாடித் துகளும் மினுங்கின. உள்ளங்கைக் கொப்புளம் உடைந்ததும் மாமா துணியைச் சுற்றிக்கொண்டு கொத்தினார். உலகத்தில் அவரைப்போல் ஆள் கிடையாது என்று எனக்குத் தோன்றியது. பிற்பாடு நானும் ஊர் ஊராய்ப் போய்க் கல்மலைகளில் கூலி வேலை செய்தபோது, படித்தவர்கள் ஒன்றைப் படிவுப்பாறை என்றும் மற்றதைத் தீப்பாறை என்றும் பிரித்துச் சொன்னார்கள். மாமா சொன்னது சரிதான்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மாப்பிள்ளை குனிந்து அக்காவின் காலைப் பிடித்து அம்மிமேல் வைத்தார். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். மாமா மட்டும் அம்மியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் அக்காவைப் பெண் கேட்டதும், கல்லுடைக்கிறவனுக்குத் தரமாட்டேன் என்று அப்பா மறுத்ததும் எனக்குத் தெரியவந்தபோது மாமா உயிரோடு இல்லை. கல்யாணத்தன்று, கல்லில் எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிறாராக்கும் என்று நினைத்து, நானும் குனிந்து தேடினேன்.