வலக்கைப் பிறேக்

1. முதல் வாரம்

கனடாவில், ஸ்காபரோவின் கிங்ஸ்ரன் றோட்டில் ஒரு சைக்கிள் கடையில் நான் மெக்கானிக்காகச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் சைக்கிள் திருத்திய கை இது. பெற்றோல் இல்லாத காலத்தில் ஊரே எங்கள் கடை வாசலில்தான் வந்து நிற்கும். ஆகவே இந்த வெள்ளைக்காரருக்கு நான்தான் படிப்பிக்க வேண்டிவரும் என்ற எண்ணத்தோடுதான் உள்ளே போனேன்.

மூன்றாம் நாளே மானம் போனது. ஒரு மவுண்டன் பைக்குக்கு இரண்டு பிறேக் கேபிளும் மாற்றியிருந்தேன். முதலாளி டக் வந்து, ஸ்ராண்டில் தொங்கிய சைக்கிளின் முன்சில்லைச் சுழற்றிவிட்டு, வலக்கை லீவரைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். சில்லு சட்டென்று நின்றது. நல்ல பிறேக் என்று பாராட்டப்போகிறார் என நினைத்தேன்.

எங்கள் ஊரில் வலக்கைப் பிறேக் முன்சில்லுக்கு. இங்கே நேர்மாறு: வலக்கை பின்சில்லுக்கு, இடக்கை முன்சில்லுக்கு. தெருவில் மாறிப்போனால் சமாளிக்கலாம், காட்டுச் சரிவில் மாறிப்போனால் ஆள் ஹாண்டிலுக்கு மேலால் பறப்பார் என்று டக் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அந்தப் பொறுமைதான் என்னை இன்னும் கூடச் சுட்டது.

கடையில் ஒரு நடைமுறை இருந்தது. ஒருவர் கழற்றிப் பூட்டினால் இன்னொருவர் செக் பண்ணி, ஹாண்டிலில் தொங்கும் மட்டையில் கையெழுத்து வைக்கவேண்டும். அந்த மட்டை இல்லாமல் சைக்கிள் வாசல் தாண்டாது. இரண்டு வருடத்தில் அந்தக் கையெழுத்து என்னுடையதாகிவிட்டது.

2. நான் வெட்டிய பாதை

அந்த வருடங்களில் ரொறன்ரோவுக்கு மவுண்டன் பைக் பைத்தியம் பிடித்திருந்தது. வக்கீல், வாத்தியார், பல் டொக்டர் என்று எல்லாரும் தடித்த ரயர் வாங்கினார்கள். நகரத்துக்கு நடுவே டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. மேலே கார்களின் இரைச்சல், கீழே காடு, வேர், சேறு. ஞாயிறுகளில் டக் வாடிக்கையாளர்களை அங்கே கூட்டிப்போவார். ஓடுவதற்குப் பாதையை நாங்கள்தான் வெட்டினோம். நாங்கள் என்றால், பெரும்பாலும் நான்.

பாதை வெட்டுவது மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தால் மட்டும் வராது. சரிவில் நேரே கீழே இறக்கக் கூடாது. இறக்கினால் அடுத்த மழைக்கு அது வாய்க்கால். குறுக்காக வெட்டவேண்டும், வெளிப்பக்கம் கொஞ்சம் பதிந்திருக்கவேண்டும், அப்போதுதான் தண்ணீர் பாதையோடு ஓடாமல் வழிந்துபோகும். பெரிய இறக்கம் ஒன்றில் மூன்று வளைவு வைத்தேன். இரண்டு வசந்தம், எத்தனையோ கொப்புளம்.

எனக்கு ஒரு ஆசை இருந்தது. ஞாயிறுகளில் முன்னால் போகிற ஆள் நானாக இருக்கவேண்டும். முன்னால் போகிறவர் கை உயர்த்தினால் இருபது பேர் நிற்பார்கள். அகதியாக வந்த எனக்கு இந்த நாட்டில் என் கையைப் பார்த்து யாரும் நின்றது கிடையாது. டக்குக்கு முழங்கால் நோ தொடங்கியிருந்தது. வருகிற வருடம் எனக்குத்தான் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அப்போதுதான் சிவம் அண்ணை வேலைக்கு வந்தார். நாற்பத்து மூன்று வயது, ஒட்டி உலர்ந்த மனிதர். வன்னியில் காட்டுப் பாதைகளால் சைக்கிளில் அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றி இறக்கிப் பிழைத்தவர். கடையில் அவருக்கு ஒட்டுப் போடவும் சில்லு நேராக்கவும்தான் தெரியும். ஆனால் முதல் ஞாயிறே, நான் மூன்று வளைவு வைத்த இறக்கத்தில், கால் ஊன்றாமல், பிறேக்கும் பெரிதாகப் பிடிக்காமல், சந்தைக்குப் போகிறவர் மாதிரி இறங்கிப் போனார். கீழே நின்ற சனம் கை தட்டியது. நான் அந்த இறக்கத்தில் இரண்டு தரம் விழுந்தவன்.

ஒரு மாதத்தில் டக் அவரை முன்னால் விட்டார். “இலவு காத்த கிளி” என்று மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிந்தது, வேறு சொல் இல்லை. நான் வெட்டிய மண்ணில் அவர் ஓடுகிறார், சனம் அவர் பெயரைக் கூப்பிடுகிறது. அவர் மத்தியானச் சாப்பாட்டில் எனக்குப் பங்கு தந்தால் அதுவும் எரிந்தது. நல்ல மனிதர்மேல் பொறாமைப்படுவது பெரிய கரைச்சல், குறை பிடிக்க ஒன்றும் கிடைக்காது.

3. சனிக்கிழமை

ஒன்று கிடைத்தது. வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, கடையில் தலைக்கு மேலே வேலை. ஹெலன் என்ற பள்ளிக்கூட ரீச்சர், ஞாயிறுகளில் வருகிறவர், பிறேக் கேபிள் மாற்றத் தன் சைக்கிளைக் கொண்டுவந்தார். ஆள் இல்லாதபடியால் சிவம் அண்ணையிடம் டக் கொடுத்துவிட்டார். மாலை செக் பண்ண என்னிடம் வந்தது.

சில்லைச் சுழற்றி வலக்கை லீவரைப் பிடித்தேன். முன்சில்லு நின்றது.

தன்னுடைய சைக்கிளை அண்ணை ஊர்ப் பழக்கப்படி மாற்றி வைத்திருந்தார். அவசரத்தில் கை அதே வழியில் போயிருக்கிறது. கடைக்கு முன்னால் ஒரு சுற்று ஓடியும் பார்த்திருந்தார், அவருக்கு அது சரியாகவே பட்டிருக்கும். மாற்ற எனக்குப் பத்து நிமிடம் போதும். இல்லாவிட்டால், “அண்ணை, மாறிப் போட்டியள்” என்ற ஒரு வசனம் போதும்.

நான் மட்டையில் கையெழுத்து வைத்தேன்.

ஹெலன் விழவேண்டும் என்று நினைக்கவில்லை. நாங்கள் கூடும் கார் நிறுத்துமிடத்திலேயே பிறேக் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார், எல்லாருக்கும் முன்னால் அண்ணை தலை குனிவார், அவரை முன்னால் விடுவதா என்று டக் யோசிப்பார் என்றுதான் கணக்குப் போட்டேன். இதை நியாயப்படுத்தச் சொல்லவில்லை. அன்று மனதில் ஓடியதைச் சொல்கிறேன்.

4. ஞாயிறு

ஹெலன் கண்டுபிடிக்கவில்லை. சமதரையில் இரண்டு கையாலும் மெல்லப் பிடித்தால் வித்தியாசம் தெரியாது. அதை நான் யோசித்திருக்கவேண்டும், அது என் தொழில்.

நான் வரிசையின் நடுவில் போனேன். அவர் எனக்கு நாலைந்து பேருக்கு முன்னால். மேட்டு விளிம்பில் நிற்கும்போதுகூடக் கூப்பிட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கூப்பிட்டால் நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். விழுங்கினேன்.

இரண்டாம் வளைவில் ஈர வேர் ஒன்று. வேகம் குறைக்க, பின் பிறேக் என்று நம்பி, வலக்கையால் இறுக்கினார். முன்சில்லு பூட்டிக்கொண்டது. பின்சில்லு எழும்பியதை நான் பார்த்தேன். ஹெல்மெற் வெடித்திருந்தது, தோளில் காறை எலும்பு முறிந்திருந்தது. அண்ணை தன் சேர்ட்டைக் கழற்றி அவருடைய கையைக் கட்டி, தாங்கி, மேலே றோட்டுவரை நடத்திக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை டக் விசாரித்தார். பூட்டியது தான்தான், பிழை தன்னுடையது என்று அண்ணை உடைந்த ஆங்கிலத்தில் ஒப்புக்கொண்டார். டக் மட்டையைத் திருப்பி என் கையெழுத்தைப் பார்த்தார். அவசரத்தில் கவனிக்கவில்லை என்றேன். என்னை நம்பினார். அண்ணையைப் பின்னுக்கு எடுத்தார். அடுத்த ஞாயிறு முன்னால் போனது நான்.

5. முன்னால் மூன்று ஞாயிறு

கை உயர்த்தினேன், இருபது பேர் நின்றார்கள். அண்ணை கடைசியில் நின்றார். அப்போதும் சனம் பின்னால் திரும்பி அவரோடுதான் கதைத்தது. எனக்கு அந்த நேரத்திலும் எரிந்தது.

மூன்றாம் ஞாயிறு ஹெலன் தோளில் கட்டோடு, சிநேகிதர்களைப் பார்க்க வந்திருந்தார். அண்ணை அன்று வரவில்லை. ஹெலன் என்னிடம் வந்து, மனதைப் போட்டு வருத்த வேண்டாம் என்று சிவத்திடம் சொல்லும்படியும், தனக்கு அவரில் ஒரு கோபமும் இல்லை என்றும் சொன்னார். அதைத் தமிழில் சொன்னால்தான் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று என்னைப் பிடித்துக் கேட்டார்.

அந்தச் செய்தியைக் கொண்டுபோகாமல் இருக்க முடியவில்லை. கொண்டுபோய் அதை மட்டும் சொல்லவும் முடியவில்லை. மறுநாள் கடையின் பின்பக்கம், ரயர் அடுக்கியிருந்த இடத்தில் வைத்துச் சொன்னேன். நான் கண்டனான், கண்டும் கையெழுத்து வைத்தனான் என்றேன். உங்களில் எரிச்சல் என்றும் சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். கையில் இருந்த ரியூபைக் கீழே வைத்தார்.

“என்னில எரிச்சலெண்டால் என்ர சைக்கிளில செய்திருக்கலாம். அந்த மனுசி உனக்கு என்ன செய்தது?”

அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை.

அன்றே டக்கிடம் சொன்னேன். ஹெலனிடமும் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார், அது சரிதான். டக் என்னை வேலையால் நிற்பாட்டவில்லை. ஞாயிறு அண்ணைக்குத் திரும்பிப் போனது. எனக்கு ஒரு வருடம் கையெழுத்து இல்லை.

இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு. பொறாமை வராமல் தடுக்க வழி எனக்குத் தெரியாது. அண்ணை கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு இறங்கும்போதெல்லாம் எனக்குக் கடைசிவரை எரிந்தது. ஆனால் எவனில் எரிகிறதோ அவனுடைய வேலையை நீ செக் பண்ணாதே. வேறொருவரிடம் கொடு, காரணம் கேட்டால் வெட்கப்படாமல் சொல்லு.

எனக்கு அப்படிக் கொடுக்க ஆள் இருக்கவில்லை. கையெழுத்துத் திரும்பி வந்தபின் அண்ணை பூட்டிய சைக்கிள்களும் என்னிடம்தான் வந்தன. பதினொரு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். ஒவ்வொரு முறையும் அவர் சைக்கிளை ஸ்ராண்டில் மாட்டிவிட்டுப் போகமாட்டார். நான் ஒவ்வொரு லீவராகப் பிடித்து, எந்தச் சில்லு நிற்கிறது என்று காட்டி, பேனையை எடுக்கும்வரை பக்கத்திலேயே நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.