சம்மணம் போட ஒரு மணி நேரம்

மதுரை ஜங்ஷனில் வண்டி நின்றதும் எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. இடுப்பு மடங்கிய இடத்திலேயே பூட்டிக்கொண்டுவிட்டது. நாக்பூரிலிருந்து முன்பதிவில்லாத பெட்டியில், கழிவறைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து முழங்காலைக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். பெட்டியைக் கூட்ட வந்த அம்மாள், "குடிச்சிருக்கியாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப எந்திரி," என்றாள். கம்பியைப் பிடித்து எழுந்தேன். எழுந்தேனே தவிர நிமிர முடியவில்லை. கீழே எதையோ தவறவிட்டுத் தேடுகிறவனைப் போலக் குனிந்தபடியே ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தேன்.

நாக்பூரில் ஒரு முறுக்குக் கம்பெனியில் எனக்கு வேலை. கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கொட்டகை, மூன்று அடுப்பு, ஏழெட்டு ஆட்கள். எங்கள் எழுமலைப் பக்கத்து ஆட்கள் இப்படி வடக்கே போய் அடுப்பு போடுவது பழைய வழக்கம்தான். கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் முக்காலியில் குத்தவைத்து, காலை நாலு மணியிலிருந்து சாயங்காலம் வரை பிழிய வேண்டும். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தியதிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. லாரியில் கிளீனர், கேரளாவில் ரப்பர்த் தோட்டம், குஜராத்தில் உப்பளம் என்று சுற்றிவிட்டு, கடைசியில் முக்காலியில் வந்து உட்கார்ந்தேன். முதுகு அங்கேதான் போனது.

மறுநாள் காலை திருநகரில் என் தங்கச்சி பிள்ளைகளுக்குக் காதுகுத்து. மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு ஐந்து. இவ்வளவு வயது வரை குத்தாமல் இருந்ததற்கு நான்தான் காரணம். தாய்மாமன் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டால்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். தங்கச்சி இரண்டு முறை நாள் குறித்தாள். முதல் முறை நான் கிளம்பவே இல்லை. இரண்டாம் முறை திண்டுக்கல் வரைக்கும் வந்தேன். சீர் செய்யக் கையில் ஒன்றும் இல்லாமல் மாமன் என்று போய் நிற்பதற்குக் கூசியது. அங்கேயே இறங்கி, கேரளாவுக்கு பஸ் ஏறிவிட்டேன். மண்டபத்துக்குச் சொல்லி, பத்திரிகை கொடுத்து, எல்லாரையும் கூட்டி வைத்துவிட்டு அவள் மத்தியானம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். அன்றிலிருந்து அவளுடைய மாமியார் வீட்டில் அவளுக்கு ஒரு பேர்: பிறந்த வீட்டு ஆள் இல்லாதவள்.

இந்த முறை இரண்டு ஜோடித் தோடு பனியனுக்குள் தைத்த பையில் பத்திரமாக இருந்தது. இடுப்புதான் இல்லை. நான் உட்காராவிட்டால் என் சித்தப்பா மகனை உட்கார வைப்பது என்று மாமியார் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அவன் ஊரிலேயே இருப்பவன், பட்டு வேட்டி எடுத்துத் தயாராக வைத்திருப்பவன். நான் இப்படிக் குனிந்துகொண்டு தங்கச்சி வீட்டு வாசலில் போய் நின்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதனால் ஊருக்கு வந்துவிட்டதை அவளிடம் சொல்லவில்லை. சுளுக்கு எடுக்கிறவர் யாராவது இருக்கிறாரா என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

அவர் என்னைப் பைபாஸ் ரோட்டுக்குக் கொண்டுபோனார். சுளுக்கு எடுக்கிறவர் கடை பூட்டியிருந்தது. "எழவுக்குப் போயிருக்காரு, நாளைக்குத்தான்," என்றார் பக்கத்துக் கடைக்காரர். நான் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"அண்ணே, மாடியப் பாருங்க," என்றார் ஆட்டோக்காரர்.

தாய்லாந்து மசாஜ், ஸ்பா என்று போர்டு. வெள்ளைக்காரி ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். முதுகில் கூழாங்கல் அடுக்கியிருந்தார்கள்.

"அது அந்த மாதிரி எடமாப்பா?"

"நீங்க இருக்கிற இருப்புக்கு எந்த மாதிரி எடமா இருந்தா என்னண்ணே? ஏறுங்க," என்றார்.

படியில் கையை ஊன்றித்தான் ஏறினேன். யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். இடுப்பு ஒத்துழைக்காததால் அது திரும்பிப் பார்த்ததாகவே இருக்காது. மேலே ஏசி, மல்லிகை வாசனை போட்ட புகை, ஏதோ ஊரில் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தை ரெக்கார்டு பண்ணிப் போட்டிருந்தார்கள். மேசையில் இருந்த பெண் திருப்பரங்குன்றத்துக்காரி என்று பேச்சிலேயே தெரிந்தது. "வாங்கண்ணே. ரூல்ஸப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க," என்று ஓர் அட்டையை நீட்டினாள். தவறான எண்ணத்தோடு வருகிறவர்கள் போலீசில் ஒப்படைக்கப்படுவார்கள் என்று இருந்தது. போட்டேன்.

"ஆயில் போட்டா, போடாமலா?"

"எண்ணெய் மட்டும் வேணாம்மா," என்றேன். மூன்று வருடம் எண்ணெய்ச் சட்டியோடு குடித்தனம் நடத்தியவனுக்கு அந்த வாடை ஆகாது.

அதன்பிறகு செய்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முப்பது வயதிருக்கும் ஒரு பெண் பித்தளைத் தாம்பாளத்தில் வெந்நீரும் பூவும் எலுமிச்சை வில்லையும் கொண்டுவந்து எனக்கு எதிரே மண்டியிட்டாள். என் காலை எடுத்து உள்ளே வைத்துக் கழுவினாள். இரண்டு நாள் ரயில் அழுக்கு. எங்களில் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குப் பெண்ணின் தம்பி கால் கழுவுவான், கழுவினவனுக்கு மோதிரம் போட வேண்டும். எனக்குக் கல்யாணமும் இல்லை, அப்படி ஒரு மைத்துனனும் இல்லை. நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒருவர் என் காலைக் கழுவுகிறார். சும்மா இருக்கக் கூடாது என்று மட்டும் மனதில் பட்டது. சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய் நோட்டை எடுத்துத் தாம்பாளத்துத் தண்ணீரில் போட்டுக் கும்பிட்டேன்.

மேசைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கழுவியவள் நோட்டை எடுத்து உதறினாள். "என்னண்ணே, நோட்டையும் சேத்துக் கழுவணுமா?" என்றாள்.

ஆளைப் பார்த்தால் தாய்லாந்து முகம். பேச்சோ அசல் மதுரை, அங்கங்கே சுருதி மட்டும் மாறியது. மிசோரமாம். இங்கே வந்து ஐந்து வருடம். "எல்லாரும் தாய்லாந்தான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிருவேன். இல்லன்னா மேப்பு போட்டுக் காட்டணும்," என்றாள்.

தொளதொளவென்ற ஒரு கால்சட்டையும் சட்டையும் கொடுத்தார்கள். தரையிலேயே கனமில்லாத மெத்தை. அதில் என்னைக் குப்புறப் படுக்க வைக்கவே ஐந்து நிமிடம் ஆனது. அவள் என் காலடியில் உட்கார்ந்து கைகூப்பிவிட்டு ஆரம்பித்தாள்.

முதலில் உள்ளங்கால். கட்டைவிரலால் ஒவ்வொரு புள்ளியாக அழுத்திக்கொண்டு மேலே வந்தாள். அவசரம் இல்லை. மாவு பதம் பார்க்கிற மாதிரி அழுத்தி, கொஞ்சம் நிறுத்தி, பிறகுதான் எடுப்பாள். கெண்டைக்கால் வந்தபோது என்னை அறியாமல் முனகினேன். "கத்துங்க, பரவால்ல. பக்கத்து ரூம்ல ஆள் இல்ல," என்றாள். இடுப்புக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டாள். எனக்குக் கோபமாகக்கூட இருந்தது, அங்கேதானே வலி என்று. அவள் அதைத் தொடாமல் தொடையையும் பின்புறத்தையும் முழங்கையால் அரைத்தாள். வலி இருக்கிற இடத்துக்கு நேரே போகக் கூடாதாம், சுற்றி இருப்பதை இளக்கினால் அது தானாக விடுமாம்.

"இங்க ஏன் கட்டைவிரல் போடல?" என்று கேட்டேன்.

"விரல் போச்சுண்ணே. ஒரு நாளைக்கு ஆறு பேரு. முழங்கைதான் இனி." என் கையைப் பிடித்து நீட்டினாள். எண்ணெய் தெறித்த தழும்புகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது என்ன வேல?" என்றாள். முறுக்கு என்றேன். "உனக்குக் கை, எனக்கு விரலு," என்றாள். அந்த ஒரு தடவை மட்டும் மரியாதை விட்டுப்போனது. எனக்கு அது பிடித்திருந்தது.

இடையில் போன் அடித்தது. தங்கச்சி. படுத்தபடியே எடுத்தேன்.

"எங்கண்ணே இருக்க?"

"திண்டுக்கல் தாண்டிட்டேன்."

"போன தடவையும் திண்டுக்கல் தாண்டிட்டேன்னுதான் சொன்ன," என்றாள்.

"இல்லத்தா, வாரேன். சத்தியமா வாரேன்."

"வராட்டி இப்பவே சொல்லிரு. சித்தப்பா மகனுக்கு மாலை கட்டச் சொல்லணும். நான் திரும்பவும் வாசல்ல நிக்க மாட்டேன்." வைத்துவிட்டாள்.

மிசோரப் பெண் என் முழங்காலை மடக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். "பொய்யாண்ணே?"

"பொய்தான்."

"நானும் டிக்கெட் போட்டாச்சுன்னுதான் மாசாமாசம் அம்மாகிட்ட சொல்றேன்," என்று சொல்லி, என் காலை நெஞ்சுக்கு நேராகத் தள்ளினாள். இடுப்பில் எங்கேயோ 'சடக்' என்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு வந்த மூச்சு வயிறு வரைக்கும் போனது.

கடைசியில் மேலே கட்டியிருந்த கம்பைப் பிடித்துக்கொண்டு என் தொடைமேல் ஏறி நின்று பாதத்தாலேயே நடந்தாள். ஆள் கனமில்லை. அவள் மிதிக்கிற இடமெல்லாம் வலி ஓடி, அடுத்த இடத்துக்குப் போய் ஒளிந்துகொண்டது. நான் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. நான் தூங்கினால் காலை நீட்டித் தூங்குகிறவன் இல்லை. கொட்டகையில் அதற்கு இடமில்லை. அன்று நீட்டித் தூங்கினேன். எழுப்பியபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அவள் சுவரில் சாய்ந்து தன் விரல்களைத் தானே நீவிக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். நாளைக்குச் சம்மணம் போட வேண்டும், மடியில் பிள்ளை இருக்கும், பிள்ளை உதைக்கும், நான் அசையக் கூடாது. "போட்டுப் பாப்போம்," என்றாள். உட்கார்ந்தேன். உட்கார முடிந்தது. ஒரு தலையணையை மடியில் வைத்தாள். "புள்ள எம்புட்டு கனம்?" இன்னொன்றையும் வைத்தாள். மேசைப் பெண் எட்டிப் பார்த்து, "அண்ணே, பொம்பளப் புள்ளைக்கா ஆம்பளப் புள்ளைக்கா மொதல்ல குத்தணும்?" என்றாள். மூவரும் சிரித்தோம். எனக்குச் சிரித்தால்கூட வலிக்கவில்லை. இஞ்சி போட்ட டீ கொடுத்தார்கள். ஒரு வாரம் கனம் தூக்கக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது என்று அவள் சொன்னதை நல்லபடியாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் நிமிர்ந்துதான் திருநகருக்குப் போனேன். தங்கச்சி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை மண்டப வாசலில் என் படம் போட்ட பெரிய ஃப்ளெக்ஸ். பத்து வருடத்துக்கு முந்தைய படம், கூலிங் கிளாஸ் வேறு. சித்தப்பா மகன் பட்டு வேட்டியில் ஜமுக்காளத்துக்குப் பக்கத்திலேயே நின்றான். நான் உட்கார்ந்தேன். மூத்தவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வலிக்குமா மாமா?" என்றாள். வலிக்கும் என்றேன். அவள் அழவில்லை. சின்னவன் ஆசாரியைப் பார்த்ததுமே உதைக்க ஆரம்பித்தான். அவன் குதிகால் என் இடுப்பில் மூன்று முறை விழுந்தது. மூன்றாவது உதையில் முந்தின நாள் விட்ட இடம் திரும்பப் பூட்டிக்கொண்டது. நான் அசையவில்லை. தோடு ஏறியது. குலவை போட்டார்கள்.

எல்லாரும் பந்திக்கு எழுந்தார்கள். என்னால் எழ முடியவில்லை.

தங்கச்சி வந்து பார்த்தாள். "வராத ஆளு வந்துட்டான்னு பாத்தா, இப்ப எந்திரிக்க மாட்டேங்கிறான்," என்றாள். என் முகத்தை உற்றுப் பார்த்தவுடன் குரலைத் தாழ்த்தினாள். "முடியலையா?"

"முடியலத்தா."

அதற்குள் மாமியார் வந்துவிட்டாள். "மாமன் என்ன இன்னும் அங்கயே உக்காந்திருக்காக?"

தங்கச்சி யோசிக்கவே இல்லை. "காது குத்துன எடத்துலயேதான் தாய்மாமன் சாப்பிடணும் அத்தை. எங்க பக்கம் அப்படித்தான்."

"இது என்னடி புது வழக்கம்? நான் கேள்விப்பட்டதே இல்லயே." சித்தப்பா மகன் பக்கம் திரும்பினாள். "ஏப்பா, எழுமலப் பக்கம் அப்படியா?"

அவன் என்னைப் பார்த்தான். தங்கச்சியைப் பார்த்தான். தன் பட்டு வேட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"ஆமாத்தா," என்றான். "கூட ஒரு பங்காளியும் உக்காரணும்." சொல்லிவிட்டு எனக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டான். "ரெண்டு எலையா போடச் சொல்லு," என்றான் தங்கச்சியிடம்.

கூட்டம் கலைகிற வரைக்கும் அவனும் எழவில்லை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "இம்புட்டு வருசமா எங்கண்ணே போன?" என்று ஒரே ஒரு முறை கேட்டான். பதில் வேண்டும் என்று கேட்டதாகத் தெரியவில்லை. மருமகள் சாப்பிட்டுவிட்டு வந்து என் தொடையிலேயே தலை வைத்துத் தூங்கிப்போனாள்.

மண்டபம் காலியானதும் அவளை மெல்லத் தரையில் கிடத்திவிட்டு, ஒரு பக்கம் அவனும் ஒரு பக்கம் தங்கச்சியுமாக என் கக்கத்தில் கை கொடுத்தார்கள். மூன்று எண்ணித் தூக்குவது என்று ஏற்பாடு. தங்கச்சி இரண்டு சொல்லும்போதே அவன் தூக்கிவிட்டான். நான் போட்ட சத்தத்தில் மருமகள் விழித்துக்கொண்டாள். திரும்பவும் காது குத்துகிறார்கள் என்று நினைத்து, காலையில் அழாத அழுகை எல்லாவற்றையும் சேர்த்து அழ ஆரம்பித்தாள்.